பூனை இருக்கட்டும், லிட்டர் பாக்ஸ் கைமாறட்டும்

கர்ப்பம் உறுதியானதுமே, பூனை வளர்க்கிற வீட்டில் எழும் முதல் பேச்சு "இதை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்பதுதான். மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், ஸ்கேன் சென்டரில் காத்திருக்கும்போது முன்பின் தெரியாதவரும் சொல்வார். பூனை முடி வயிற்றுக்குள் போய்க் குழந்தையைச் சுற்றிக்கொள்ளும் என்று காரணமும் சேர்த்துச் சொல்வார்கள். விழுங்கிய முடி இரைப்பைக்குப் போகும், குடல் வழியாக வெளியே வந்துவிடும். கர்ப்பப்பைக்குப் போக அதற்கு வழியே கிடையாது.

பயப்பட வேண்டியது வேறொன்று. அதன் பெயர் டாக்ஸோபிளாஸ்மா. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. அது பூனையின் மலத்தில் வெளிவந்து மண், தண்ணீர், கீரை, ஆட்டுக்கறி என்று சுற்றி நம் வாய்க்கு வந்து சேர்கிறது. பூனையைச் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தாலும் கீரையும் கறியும் தண்ணீரும் வீட்டில் இருக்கத்தான் போகின்றன. ஆகவே அந்தச் சுற்றை எந்த இடத்தில் அறுப்பது என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

ஒரு நாள் கணக்கு

எலி, குருவி, பச்சைக் கறி இவற்றில் ஏதாவது ஒன்றைத் தின்றுதான் பெரும்பாலும் பூனைக்கு இந்தத் தொற்று வரும். வந்த சில நாட்களில் மலத்தில் லட்சக்கணக்கான நுண்முட்டைகளை வெளியேற்றத் தொடங்கும். ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் வரை இது நடக்கும். பிறகு பூனையின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாகிவிடும். பெரும்பாலான பூனைகள் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் இப்படி முட்டை விடுகின்றன, அதுவும் முதன்முதலாக வேட்டையாடப் பழகும் குட்டிப் பருவத்தில். ஐந்து வருஷமாக வீட்டுக்குள்ளேயே இருந்து, பாக்கெட் தீனியும் வேகவைத்த மீனும் சாப்பிடுகிற பூனை இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட வரவே வராது.

அடுத்த விஷயம்தான் நமக்குப் பெரிய வரம். மலத்தோடு வரும் முட்டை வந்த உடனே தொற்றாது. வெளிக்காற்றில் கிடந்து முதிர வேண்டும். அதற்குக் குறைந்தது ஒரு நாள், அதிகபட்சம் ஐந்து நாள் ஆகும். முதிர்ந்துவிட்டால், ஈர மண்ணில் ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். லிட்டர் பாக்ஸை, அதாவது வீட்டுக்குள் பூனை மலம் கழிக்கும் மண்தொட்டியை, தினமும் அள்ளிவிடுங்கள் என்று சொல்வது சுத்தத்துக்காக மட்டுமல்ல, முட்டை முதிர்வதற்குள் அது வீட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்பதற்காக.

பூனையைத் தொட்டால் வருமா? வராது என்றே வைத்துக்கொள்ளலாம். பூனை தன் உடம்பை நக்கி நக்கிச் சுத்தமாக வைத்திருக்கும், முட்டை முதிரும் அளவுக்கு முடியில் எதுவும் தங்குவதில்லை. ஐரோப்பாவின் 6 நகரங்களில் கர்ப்பிணிகளிடம் நடத்தி 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், தொற்றுகளில் 30 முதல் 63 சதவீதம் வரை சரியாக வேகாத அல்லது பதப்படுத்திய கறியால் வந்தவை என்றும், 6 முதல் 17 சதவீதம் மண்ணால் வந்தவை என்றும் கணக்கிட்டார்கள். பூனையோடு பழகுவது காரணமாகத் தென்படவே இல்லை.

தாய்க்கு இந்தத் தொற்று வாழ்க்கையில் முதல் தடவையாக, அதுவும் கர்ப்ப காலத்தில் வந்தால்தான் குழந்தைக்குப் போகும் அபாயம். தொடக்க மாதங்களில் வந்தால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு குறைவு, ஆனால் போனால் பாதிப்பு கடுமை: கருச்சிதைவு, தலையில் நீர் கோப்பது, மூளையில் சுண்ணாம்புப் படிவு, விழித்திரைத் தழும்பு. கடைசி மாதங்களில் இது தலைகீழ். எளிதில் போகும், பிறக்கும்போது குழந்தை நன்றாகவே தெரியும், பல வருஷம் கழித்துக் கண்ணில் பிரச்சினை தலைகாட்டலாம்.

லிட்டர் பாக்ஸ்

கர்ப்பம் தெரிந்த நாளிலிருந்து பிரசவம் வரை பாக்ஸை அள்ளிச் சுத்தம் செய்யும் வேலை கணவருக்கோ வீட்டில் வேறு யாருக்கோ போக வேண்டும். வேலைக்கு வரும் அம்மாவிடம் ஒப்படைப்பதாக இருந்தால் அவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவரோ அவர் மகளோ மாசமாக இருக்கலாம்.

பாக்ஸ் சமையலறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் தள்ளி இருக்கட்டும். ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டு பூனைக்கு மூன்று என்ற கணக்கில் வைத்தால் வெளியே ஓரத்தில் போய்வைக்காது. ஒட்டிக் கட்டியாகும் பென்டோனைட் மண் இரண்டிலிருந்து மூன்று அங்குல உயரம் போதும். அதற்குக் கீழே இருந்தால் சிறுநீர் அடித்தளத்தில் ஒட்டிக்கொள்ளும். மேலே இருந்தால் பூனை வாரி இறைத்துத் தரையெல்லாம் மண்ணாகும். ஆற்று மணலோ மரத்தூளோ போடுகிறவர்கள், அது கட்டியாகாது, ஈரம் அடியில் தேங்கும் என்பதை மனதில் வைத்து தினமும் அள்ளுவதோடு, இரண்டு நாளைக்கு ஒரு தடவை முழுதாகக் கொட்டி மாற்றவும் வேண்டும். தெருவில் வீடு கட்டக் கொட்டியிருக்கும் குவியலிலிருந்து மட்டும் மணல் அள்ளி வராதீர்கள். ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் அதுதான் கழிப்பறை. அந்த மணலை உள்ளே கொண்டுவருவது, முதிர்ந்த முட்டையைக் காசில்லாமல் வீட்டுக்கு அழைத்து வருவது மாதிரி.

அள்ளுகிறவர் செய்ய வேண்டியது:

1. காலையில் ஒரு தடவை, இரவு படுக்கப் போகும் முன் ஒரு தடவை. ஒரே தடவைதான் முடியும் என்றால் தினமும் ஒரே நேரத்தில், 24 மணி நேரம் தாண்டாமல்.
2. கையுறை, முகக்கவசம். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள், மண்தூசி பறக்கக் கூடாது.
3. கட்டியை அள்ளுகரண்டியால் அடியிலிருந்து தூக்கி, லேசாக ஆட்டி, பையில் போடுங்கள். கரண்டியைப் பாக்ஸின் விளிம்பில் டொக் டொக்கென்று தட்டுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், தூசி எழுவதே அதனால்தான்.
4. பையை முடிச்சுப் போட்டு, இன்னொரு பைக்குள் போட்டுக் குப்பைத் தொட்டியில். டாய்லெட்டில் கொட்டலாம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருந்தாலும் கொட்ட வேண்டாம். சாக்கடைக்குப் போனாலும் இந்த முட்டை சாகாது. உரக்குழியிலும் போடக் கூடாது.
5. சுற்றிச் சிதறியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.
6. கையுறையை உள்பக்கம் வெளியே வருமாறு கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நகக்கண்ணை மறக்க வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு முறை பாக்ஸை முழுதாகக் காலி செய்து சோப்பால் தேய்த்துக் கழுவி, பிறகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் விட வேண்டும். ஃபினாயிலும் பிளீச்சிங் பவுடரும் நாற்றத்தைப் போக்குமே தவிர முட்டையைக் கொல்லாது, சூடுதான் கொல்லும். ஃபினாயில் வகைத் திரவங்கள் பூனைக்கே விஷம், காலில் ஒட்டியதை அது நக்கும். சிறுநீர் தோய்ந்த இடத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் அதிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து கண்ணையும் தொண்டையையும் எரிக்கிற புகை கிளம்பும். மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி கொதிநீரில் கோணிக்கொள்ளும். அதனால் கனமான டப்போ, இதற்கென்றே ஒதுக்கிய பழைய அலுமினியப் பாத்திரமோ நல்லது.

கணவர் வெளியூரில், வீட்டில் வேறு யாரும் இல்லை, நீங்களே அள்ளியாக வேண்டும் என்றால்? அள்ளலாம். பாதியில் விட்டு மூன்று நாள் தேங்கவிடுவதைவிட, நீங்களே தினமும் அள்ளுவது எவ்வளவோ பாதுகாப்பு. ஒரு முறை போட்டுத் தூக்கியெறியும் கையுறை, முகக்கவசம், முடிந்ததும் சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவல், அவ்வளவுதான். வாராந்திரக் கழுவலை மட்டும் யாராவது வரும் நாளுக்குத் தள்ளிவையுங்கள்.

வெளியே போய் வரும் பூனை

நம் ஊரில் பாதிப் பூனைகள் லிட்டர் பாக்ஸையே பார்த்திருக்காது. சோற்றுக்கு வீடு, மற்றதுக்கெல்லாம் ஊர். இந்த வீடுகளில் அபாயம் மண்ணுக்கு இடம் மாறுகிறது.

மாடித்தோட்டத்தை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். கத்தரிச் செடி வைத்த குரோ பேக்கில் மண் ஒரு பக்கம் மட்டும் கிளறிக் குழியாகி, எதிர்ப்பக்கம் சின்ன மேடு கட்டியிருந்தால், செடியின் தண்டுக்கும் பையின் ஓரத்துக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இடம் இருந்தால், அது பூனை பயன்படுத்துகிற பைதான். மூடிய மலம் இரண்டு மழைக்குள் கரைந்து கண்ணுக்கே தெரியாமல் போய்விடும், முட்டை மட்டும் தங்கிவிடும். அந்தப் பைக்குள் விரல் விட்டுக் களை பிடுங்குகிற கை, அப்படியே நெற்றி வேர்வையைத் துடைத்து, வாயைத் தொடும். வழி இவ்வளவு சின்னது.

செடி வேலையைக் கையுறையோடு செய்யுங்கள், முடிந்தால் வேறொருவர் செய்யட்டும். பைகளின் மேல் மண்ணைக் கூழாங்கல்லாலோ, கவிழ்த்த கொட்டாங்குச்சியாலோ, கோழிவலைத் துண்டாலோ மூடிவிட்டால் பூனைக்குக் கிளற இடம் கிடைக்காது. எலுமிச்சைத் தோல், காபித்தூள் வைத்தியமெல்லாம் மழை பெய்யும் வரைதான். வீட்டு வாசலில் கட்டுமான மணல் கிடந்தால் தார்ப்பாய் போட்டு ஓரங்களில் செங்கல் வையுங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுகிறவர்கள் சாணியை வெறுங்கையால் கரைப்பதை இந்தப் பத்து மாதம் தள்ளிப்போடலாம். கோலம் போட்டபின் கை கழுவினால் போதும்.

வெளிப்பூனையை உள்ளே பழக்குவதும் முடியும், ஒரே நாளில் கதவைச் சாத்தினால் மட்டும் நடக்காது. முதலில் இரவு மட்டும் உள்ளே வையுங்கள். வேட்டை பெரும்பாலும் விடிகாலையிலும் பொழுது சாய்கிற நேரத்திலும்தான். லிட்டர் பாக்ஸின் மண்ணில் அது வழக்கமாகப் போகும் இடத்து மண்ணை ஒரு கைப்பிடி கலந்துவிட்டால் இது கழிப்பறை என்று புரிந்துகொள்ளும். அந்த மண்ணை எடுத்துவருவது உங்கள் வேலையல்ல, வாரம் ஒன்றானதும் முழுதாகக் கொட்டிவிட வேண்டும். ஜன்னலில் கொசுவலை இருந்தால் பூனை கிழித்துவிடும், எஃகுக் கம்பிவலைதான் நிற்கும். கழுத்தில் மணி கட்டினால் எலி பிடிக்காது என்பதை நம்பாதீர்கள்.

இந்த மாதங்களில் புதுக்குட்டி எடுத்து வர வேண்டாம். பரணில் தெருப்பூனை குட்டி போட்டிருந்தால் அவற்றைத் தூக்குவது, ஓரத்தைச் சுத்தம் செய்வது எல்லாம் மற்றவர்கள் செய்யட்டும். வளர்ந்த வீட்டுப் பூனையைவிடக் குட்டிகளிடம்தான் எச்சரிக்கை தேவை.

பூனைக்கு என்ன போடுவது

கோழிக்கடையில் கிடைக்கும் தலை, கழுத்து, ஈரல் துண்டுகளைப் பச்சையாகப் போடுவது பல வீட்டில் பழக்கம். இந்தத் தொற்றை நாமே ஊட்டிவிடுகிற வழி அது. கொதி வந்தபின் 20 நிமிஷம் வேகவைத்து, நடுவில் சிவப்போ ரோஸ் நிறமோ இல்லை என்று பிய்த்துப் பார்த்து, எலும்பை எடுத்துவிட்டுப் போடுங்கள். வெந்த எலும்பு ஊசி மாதிரி உடைந்து பூனையின் தொண்டையில் குத்தும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச்சோறு பூனைக்கு ஆகாது.

ஃப்ரீசரில் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். மைனஸ் 18 டிகிரியில் பல நாள் உறையவைத்தால் கறியிலுள்ள ஒட்டுண்ணி பெரும்பாலும் செத்துவிடும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்தட்டுப் பெட்டியை நம்பி இந்தக் கணக்குப் போட முடியாது. அது அடிக்கடி திறந்து மூடப்படுகிறது, அவ்வளவு குளிரும் நிற்பதில்லை. வேகவைப்பதுதான் உறுதி.

உங்கள் தட்டு

நம் வீட்டுக் குழம்பில் கறி நன்றாக வெந்துவிடுகிறது, குக்கரில் ஆறு விசில் தாண்டிய மட்டனில் எந்த ஒட்டுண்ணியும் பிழைக்காது. சிக்கல் வேறு இடங்களில். மாசமாக இருப்பவருக்கு ரத்தம் ஊறும் என்று சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கி, தணலில் வாட்டி, மேலே கருகி உள்ளே சிவப்பாக இருக்கும்போதே மிளகுப்பொடி தூவிக் கொடுப்பார்கள். அன்போடு கொடுப்பதைத் தட்டவும் முடியாது. வாங்கிக்கொள்ளுங்கள், சின்னத் துண்டாக நறுக்கி, எண்ணெயில் போட்டு, நடுப்பகுதி முழுக்கச் சாம்பல் நிறமாகும்வரை வதக்கிச் சாப்பிடுங்கள். ஈரலுக்கும் இதே விதி. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், கர்ப்ப காலத்தில் அடிக்கடி சாப்பிடுவது வேறொரு காரணத்துக்காகவும் நல்லதல்ல.

கோலா உருண்டைக்கு அரைத்த பச்சைக் கறியில் உப்புப் பார்க்க நாக்கில் வைப்பது இன்னொரு பழக்கம். ஒரு உருண்டையைப் பொரித்துப் பிறகு உப்புப் பாருங்கள். வெப்பமானி வைத்திருக்கிறவர்களுக்கு அளவு: ஆடு, மாட்டின் முழுத்துண்டு 63 டிகிரி செல்சியஸ் ஆனதும் இறக்கி மூன்று நிமிஷம் விட வேண்டும், கொத்துக்கறிக்கு 71, கோழிக்கு 74. மைக்ரோவேவில் சூடு ஒரே சீராகப் பரவாது, பச்சைக் கறியை அதில் வேகவைப்பதைத் தவிருங்கள். கறி வெட்டிய அரிவாள்மனையையும் பலகையையும் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவாமல் அதிலேயே வெள்ளரிக்காய் நறுக்கக் கூடாது. காய்ச்சாத ஆட்டுப்பால் மருந்து என்று யார் கொடுத்தாலும் குடிக்க வேண்டாம், அதன் வழியாகவும் இது வரும்.

கீரை வெந்துவிடும், கவலையில்லை. பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, கேரட், சாலட் இலை இவற்றில்தான் கவனம். கட்டைப் பிரித்து, வேரை வெட்டி, பெரிய பாத்திரத்தில் மூன்று தண்ணீர் மாற்றி அலசி, கடைசியில் ஓடுகிற தண்ணீரில் காட்டுங்கள். உப்பிலோ வினிகரிலோ ஊறவைப்பது பூச்சியை விரட்டும், இந்த முட்டையைக் கொல்லாது. அலசலில் அடித்துக்கொண்டு போவதுதான் நடக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கே ஓர் அனுபவம் உண்டு. 2004-05-ல் கோவையில் ஒரே கண் மருத்துவமனையில் 248 பேருக்கு இந்த ஒட்டுண்ணியால் கண்ணில் பாதிப்பு கண்டறியப்பட்டது. குழாய்த் தண்ணீர்மீதுதான் சந்தேகம் விழுந்தது. குளோரின் கலப்பதால் இந்த முட்டை சாவதில்லை. தளதளவென்று கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் உங்களுக்குப் போதும். கீழ்த்தொட்டி, மேல்தொட்டி, கிணறு எல்லாவற்றுக்கும் பூனை நுழைய முடியாத மூடி இருக்கிறதா என்று ஒரு தடவை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள், ஏறுவது நீங்களாக இருக்க வேண்டாம்.

ஒன்றைக் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். மாசமாக இருக்கும்போது சிலருக்கு மண், செங்கல் தூள், சாம்பல் தின்னத் தோன்றும். அது கெட்ட பழக்கம் அல்ல, பெரும்பாலும் ரத்தசோகையோடு சேர்ந்து வருவது. மண் இந்த முட்டைகளின் கிடங்கு என்பதால், அந்த ஆசை வந்தால் மறைக்காமல் டாக்டரிடமோ கிராம செவிலியரிடமோ சொல்லி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரையைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனையைப் படிப்பது எப்படி

முதல் செக்கப்பிலேயே "வீட்டில் பூனை இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும்போதே பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. டாக்டர் டாக்ஸோ ஐஜிஜி, ஐஜிஎம் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளை எழுதித் தரலாம் (இந்த ஒட்டுண்ணிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருட்கள் இவை; ஐஜிஎம் முதலில் வரும், ஐஜிஜி பின்னால் வந்து நிலைத்துவிடும்), அல்லது டார்ச் டெஸ்ட் என்ற மொத்தப் பட்டியலில் இவையும் வரும். பூனையின் ரத்தத்தைச் சோதிப்பதால் பெரிய பலன் இல்லை. சோதித்து எதிர்ப்புப் பொருள் இருப்பதாக வந்தால், அது முட்டை விடும் கட்டத்தைத் தாண்டிவிட்ட பூனை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

இரண்டும் நெகட்டிவ் என்றால் உங்களுக்கு இதுவரை தொற்று வந்ததில்லை, எதிர்ப்பும் இல்லை. இந்தக் கட்டுரை முழுக்க உங்களுக்காகத்தான். ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்றால் எப்போதோ வந்து போய்விட்டது, உடம்பில் எதிர்ப்பு இருக்கிறது. எச்ஐவி இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் தவிர மற்றவர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வரும்போதுதான் வீடே அழுகிறது. அவசரப்படாதீர்கள். ஐஜிஎம் ஒரு தொற்றுக்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேலும் ரத்தத்தில் தங்கலாம், தொற்றே இல்லாமல் பொய்யாகவும் பாசிட்டிவ் காட்டலாம். ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ் என்றால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் ஐஜிஜி வரவில்லை என்றால் முதல் முடிவு பொய். இரண்டுமே பாசிட்டிவ் என்றால், ஐஜிஜி ஒட்டுண்ணியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று பார்க்கும் அவிடிட்டி டெஸ்ட் கேளுங்கள். கர்ப்பத்தின் முதல் 16 வாரத்துக்குள் எடுத்த அவிடிட்டி உயர்வாக இருந்தால், தொற்று கர்ப்பத்துக்கு முன்பே வந்தது என்று அர்த்தம். குறைவாக இருந்தால் மட்டும் அதைக் கொண்டு புதுத்தொற்று என்று முடிவுகட்ட முடியாது. ஒரே ஒரு ஐஜிஎம் தாளை வைத்துக் கருவைக் கலைக்கும் பேச்சை யாராவது எடுத்தால், கரு மருத்துவ நிபுணர் ஒருவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்காமல் நகராதீர்கள்.

புதுத்தொற்று என்றே உறுதியானாலும் வழி இருக்கிறது. பொதுவாக 18 வாரத்துக்கு முன் ஸ்பைராமைசின் மாத்திரை தொடங்குவார்கள். 18 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துக் குழந்தைக்குப் போயிருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ப மருந்தை மாற்றுவார்கள். பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. காய்ச்சல், உடம்பு அசதி, கழுத்தில் நெறிகட்டு சேர்ந்து வந்தால் பரிசோதனை கேளுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும்போது, சமீபத்தில்தான் தொற்று வந்தது என்று தெரிந்தவர்கள் கர்ப்பத்தை ஆறு மாதம் தள்ளிப் போடுவது நல்லது.

கடி, கீறல், தெள்ளுப்பூச்சி

டாக்ஸோவைப் பற்றியே பேசிப் பேசி ரேபிஸை மறந்துவிடுகிறோம். இந்தியாவில் பூனைக்கடியை ஒருபோதும் சின்ன விஷயமாக விடக் கூடாது. கடித்தாலோ, தோல் கீறினாலோ, உடனே குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். கட்டுப் போடாதீர்கள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் தடுப்பூசி கர்ப்பிணிக்கும் போடலாம், போட்டே ஆக வேண்டும். தசையில் போடும் முறையில் முதல் ஊசி நாளை 0 என்று கொண்டு 0, 3, 7, 14, 28-ஆம் நாட்கள். ரத்தம் வரும் கடியாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் பொருள்) ஊசியும் உண்டு, அதுவும் கர்ப்பத்தில் தடையில்லை. பூனையின் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்குவதால் மேலே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சீழ் வைக்கும். 24 மணி நேரத்துக்குள் சிவந்து வீங்கினால் ஆன்டிபயாட்டிக் தேவைப்படும்.

உங்கள் பூனைக்கு ரேபிஸ் ஊசி போட்ட தேதியைப் பார்த்து, வருஷம் தாண்டியிருந்தால் இப்போதே போடுங்கள். கூண்டில் வைத்துக் கொண்டுபோவது மற்றவர் வேலை. கழுத்தில் விடும் தெள்ளுப்பூச்சி மருந்தையும் மற்றவரே போட்டு, காயும்வரை அந்த இடத்தை நீங்கள் தடவாமல் இருங்கள். தெள்ளுப்பூச்சி இல்லாத பூனையின் கீறலால் வரும் காய்ச்சலும் குறைவு. பூனையின் காதோரம் வட்டமாக முடி கொட்டி, உங்கள் கையிலும் வட்டமாக அரிக்கத் தொடங்கினால் அது படர்தாமரை. மருந்துக்கடையில் மாத்திரை கேட்டு வாங்காதீர்கள், சில பூஞ்சை மாத்திரைகள் கர்ப்பத்தில் கூடாது. டாக்டர் பூச்சு மருந்து எழுதித் தருவார்.

வளைகாப்புக்குப் பிறகு

ஏழாம் மாதம் தாய்வீட்டுக்குப் போகிறவர்கள், இரண்டு வீட்டையும் பார்க்க வேண்டும். விட்டுப் போகும் வீட்டில் தீனி அளவு, டாக்டர் எண், ஊசித் தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். போகிற வீட்டில் அம்மாவுக்கு ஆசையாகச் சோறு போடும் நாலு தெருப்பூனைகள் இருக்கலாம். கொல்லைப்புறத்து மண்ணும் மாவு இடிக்கிற இடமும் அவற்றுக்கும் பொதுவாக இருக்கக் கூடாது.

குழந்தை பிறந்தபின் லிட்டர் பாக்ஸை மறுபடி நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், கை கழுவிவிட்டுப் பால் கொடுங்கள். தாய்ப்பால் வழியாக இது பரவுவதாகத் தெரியவரவில்லை. பூனை குழந்தையின் மூச்சை உறிஞ்சும் என்பது கதை. ஆனால் சூடான இடம் தேடி, தூங்கும் குழந்தையின் முகத்தோரம் சுருண்டு படுத்துக்கொள்ளும் என்பது நிஜம். தூளி பூனைக்குத் தனக்காகவே கட்டியது போலத் தோன்றும். ஆழமானது, இருட்டானது, ஆடுவது. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே அந்த அறைக் கதவைச் சாத்தப் பழக்குங்கள், குழந்தை வந்த அன்று சாத்தினால் வாசலில் உட்கார்ந்து கத்தும். குழந்தை தூளியில் இல்லாத நேரத்தில் சேலையைச் சுருட்டி மேல்கயிற்றோடு முடிந்துவையுங்கள். தொங்கவிட்டால் நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் அது ஏறிப் படுத்திருக்கும்.